எட்டு வார நூல்

ஆரணி
14 ஜூலை 2024

இயேசு மரி சூசை துணை

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி, இன்று மத்தியானம் நம் மொட்டை மாடியில், ஒரு வெங்காய வேருக்குள்ளே, ஒரு செல் இரண்டாகப் பிரிகிற கோலத்தை நான் என் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டேன்!

இங்கு அனைவரும் நலம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னார். கன்னியர் மடத்தில் இந்தப் பயிற்சி வருடம் முழுக்க உனக்கு போன் கிடையாது என்பதால், ஊரே போனில் பார்க்கிற விஷயத்தை உனக்கு மட்டும் பேனா பிடித்து எழுதவேண்டியிருக்கிறது.

வெங்காயத்தை டம்ளர் வாயில் உட்காரவைத்தேன். நாலு நாளில் வெள்ளை வெள்ளையாக வேர். நுனியைக் கிள்ளி, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் தண்ணீர் கலந்து ஊறவைத்து, வாய்ப்புண்ணுக்குத் தடவுவோமே அந்த ஊதா மருந்தில் தோய்த்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் கட்டைவிரலால் நசுக்கினேன். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவள் அக்கா நான். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால், ஒரு செல்லுக்குள் ஊதா இழைகள் நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்துச் செல்லில் அதே இழைகள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போய்விட்டன. யாரோ சமமாகப் பங்கு பிரித்ததுபோல. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி, நாவப்பழம் நசுங்கனாப்ல இருக்குது” என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ‘செல் ஸ்டெஃபி’ சேனலில் படத்தைப் போட்டேன். ஒரு வாரத்தில் பதினோராயிரம் பேர் பார்ப்பார்கள் பார்.

உன் தங்கை
ஸ்டெஃபி

ரோஸி, தலைக்குக் குளிச்சா ஈரத்தோட சுத்தாத. அம்மா.


மடம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ஸ்டெஃபிக்கு,

ஆண்டவர் அருளால் நலம். இருமல் நின்றுவிட்டது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல எங்கள் பொறுப்பு சிஸ்டர் முதலில் படித்தார். படித்துவிட்டு, “இந்தப் பிள்ளைக்கு மூச்சு விடத் தெரியாதா?” என்று கேட்டார். மாதத்தின் முதல் ஞாயிறுதான் எங்களுக்குக் கடித நாள். அதனால் பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சந்தேகம். பிரிகிற செல்லுக்கு எப்போது நிறுத்தவேண்டும் என்று யார் சொல்வார்கள்? காயம் ஆறியதும் தோல் வளர்வது நின்றுவிடுகிறது. அது எப்படி? நிறுத்தாமல் போனால்தான் புற்றுநோயா? நீ எளிதாகச் சொல்வாய் என்று கேட்கிறேன். இங்கே என் பக்கத்துக் கட்டில்காரி உன் ரசிகை ஆகிவிட்டாள்.

தோட்டத்தில் எனக்குக் கேரட் பாத்தி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்.

அன்புடன்
ரோஸி


ஆரணி
18 ஆகஸ்ட் 2024
(இது தபாலில் போகவில்லை)

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்வி வந்த நேரத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். பதினைந்து நாளுக்கு முன்னால், பூசை முடிந்து வந்ததும், அம்மா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இடது மார்பில் ஒரு கட்டி. கொட்டைப்பாக்கு அளவு. “நீதான் செல்லு செல்லுன்னு பேசிகினு இருக்கியே, இது இன்னான்னு பாரு” என்றார். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை அக்கா. என்னிடம்தான் காட்டினார்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் பயப்படவில்லை, கணக்குப் போட்டேன். ஒரு வீடியோவில், கண்ணாடித் தட்டில் வளர்க்கிற புற்றுநோய்ச் செல் ஒரே நாளில் இரண்டாக ஆவதைப் பார்த்திருக்கிறேன். இன்று ஒன்று, நாளை இரண்டு, பத்தே நாளில் ஆயிரம். அப்படி ஓடுகிற செல்லாக இருந்தால் இரண்டு மாதத்தில் கட்டி எங்கேயோ போயிருக்க வேண்டும். ஆகவே அளந்துகொண்டே வருவோம். எட்டு வாரம் மாறவில்லை என்றால் அது சாதாரணக் கட்டி.

எதை வைத்து அளப்பது? சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற அம்மாவுக்கா சொல்லித் தரவேண்டும்? பட்டு நூலை நகத்தால் கிள்ளி ஒரே நீளத்தில் நூறு துண்டு எடுக்கிறவர். கட்டியின் மேல் நூலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிள்ளிக் கொடுத்தார். நான் நோட்டில் தேதி போட்டு ஒட்டினேன். மூன்று ஞாயிறு, மூன்று நூல். மூன்றும் ஒரே நீளம்.

(இதை எழுதும்போது அம்மா பின்னால் நின்று படித்துவிட்டார். “ரோஸிக்கு எழுதாத. படிச்சான்னா பொட்டியத் தூக்கிகினு வந்துடுவா. நடுவுல வந்தா அந்த வருஷமே செல்லாதாம், அப்புறம் திரும்ப மொதல்லேர்ந்து. வேணாம்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.)


ஆரணி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கேரட் முளைத்ததா? அப்பா தினமும் போளூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போய் வருகிறார், கால்வலி என்கிறார், மற்றபடி சுகம்.

நீ கேட்டதற்குப் பதில். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் காவல் இருக்கிறது. பிரிவதற்கு முன்னால் இழைகள் சரியாக நகல் ஆனதா என்று சரிபார்க்கும். பிழை இருந்தால் நிறுத்தித் திருத்தும். திருத்த முடியாவிட்டால் அந்தச் செல் தானாகவே செத்துப்போகும், மற்றவைக்காக. அந்தக் காவலே கெட்டுப்போன செல்தான் புற்றுநோய்ச் செல். அது பிழையோடு பிரியும், பிள்ளைச் செல்லுக்கும் அந்தப் பிழையைக் கொடுக்கும்.

இப்போது பெரிய செய்தி. தெரிந்த ஒரு அக்காவுக்கு ஒரு கட்டி. நூலால் எட்டு வாரம் அளந்தோம். எட்டு நூலும் ஒரே நீளம்! அதை வைத்து ‘டாக்டர் இல்லாமல் வீட்டிலேயே நூல் டெஸ்ட்’ என்று ஒரு வீடியோ போட்டேன். எண்பதாயிரம் பேர் அக்கா. கமெண்ட்டுகளைப் படிக்கப் படிக்கத் தலைகால் புரியவில்லை. பெரணமல்லூரிலிருந்து ஒருவர், பேர்கூட இல்லை, “எனக்கும் ரெண்டு கட்டி இருக்குது தங்கச்சி, வெளியில சொல்லக் கூச்சமா இருந்துச்சு, நூல் வெச்சுப் பாத்தேன், மாறல, இப்பதான் நிம்மதியா தூங்கறேன்” என்று எழுதியிருக்கிறார். நான் அதற்கு இதயம் போட்டேன்.

உன் தங்கை
ஸ்டெஃபி

ரோஸி, ஒடம்பப் பாத்துக்கோ. அம்மா.


மடம்
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கை ஸ்டெஃபிக்கு,

நலம். உங்கள் நலம் கண்டு மகிழ்ச்சி. அப்பாவைக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தேன். பிழையோடு பிரிகிற செல்லைப் பற்றி நீ எழுதியது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. பெருமையாக இருந்தது. எங்கள் சமையலறையில் வேலை செய்கிற சூர்யகலா அக்கா மட்டும் நின்று கேட்டுவிட்டு, அப்புறம் என்னைத் தனியாகப் பிடித்து அந்த நூல் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொல்லிக்கொடுத்தேன். உன் புகழ் மலை ஏறிவிட்டது.

அந்த அக்கா யார்? நம் தெருவா? நான் அவருக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்
ரோஸி


ஆரணி
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லறைத் திருநாளுக்கு அப்பா மட்டும் போய் தாத்தா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். மழை இரண்டு நாள். கல்லூரியில் பரீட்சை வருகிறது, அதனால் சேனலில் எதுவும் போடவில்லை. எழுத வேறொன்றும் இல்லை.

ஸ்டெஃபி


மடம்
24 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஸ்டெஃபிக்கு,

நான் நலம். இன்று கடித நாள் இல்லை. சிஸ்டரிடம் கேட்டு அனுமதி வாங்கி எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்மஸ் வரை எங்களுக்குக் கடிதம் போகவும் செய்யாது, வரவும் செய்யாது.

உன் கடிதத்தில் ‘அனைவரும் நலம்’ என்ற வரி இல்லை. அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரியும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மா போகாமல் இருந்ததில்லை. நீ ஏழு வரியில் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை.

யாருக்கு என்ன? எதுவாக இருந்தாலும் எழுது.

அன்புடன்
ரோஸி


ஆரணி
12 டிசம்பர் 2024

அக்கா,

இது கிறிஸ்மஸ் வரை உன் கைக்கு வராது என்று தெரிந்துகொண்டுதான் இன்று போடுகிறேன். உன் பதிலுக்குப் பயந்து நாள் பார்த்துப் போடுகிற அளவுக்குக் கோழை ஆகிவிட்டேன்.

அந்த அக்கா நம் அம்மா.

அக்டோபர் இருபதாம் தேதி கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு முகாம் வைத்தார்கள். அம்மா உடம்பைக் காட்டப் போகவில்லை. நாற்காலி எடுத்துப் போடத்தான் போனார். தேவிப்ரியா என்ற நர்ஸ் கட்டி ஏதும் உண்டா என்று சும்மா கேட்டுவைக்க, அம்மா நூல் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்த நர்ஸ் சிரிக்கவில்லை. அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாளைக்கே வேலூர் போங்கள் என்று சீட்டு எழுதிவிட்டார். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முப்பதாம் தேதி ரிசல்ட். புற்றுநோய். நவம்பர் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் மூன்றுக்குப் பரவியிருந்தது. அடுத்த வாரம் கீமோ மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள்.

முப்பதாம் தேதி டாக்டரம்மா முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏன் மூன்று மாதம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார். அம்மா நூல் வைத்துப் பார்த்ததைச் சொன்னார். யார் அப்படிச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன் அக்கா. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “நானேதான் டாக்டர். எனக்கா தோணுச்சு” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா, “படிக்காத ஜென்மம்” என்று அம்மாவைத் திட்டினார். அப்போதும் திறக்கவில்லை.

டாக்டரம்மா அம்மாவுக்கு விளக்கினார். கட்டிக்குள் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை, பாதி சும்மா கிடக்கும், நிறைய செத்தும் போகும். மார்பில் வருகிற கட்டி இரண்டு மடங்காக மூன்று மாதம், ஆறு மாதம்கூட ஆகும். அப்படி ஆனாலும் அகலம் கால்வாசிதான் கூடும். “சப்பாத்தி மாவு உருண்டை ரெண்ட ஒண்ணா சேத்து உருட்டிப் பாருங்கம்மா, ரெண்டு மடங்கு அகலமாவா ஆவுது?” என்று கேட்டார். அம்மா உடனே தலையாட்டினார். அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. எண்பதாயிரம் பேருக்குப் பாடம் எடுத்த எனக்கு அதுவரை தோன்றவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்லின் வேகத்தை அம்மா உடம்புக்குப் போட்டுவிட்டேன்.

முன்னாடியே வந்திருந்தால் அக்குளுக்குப் போயிருக்காதா என்று அப்பா கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. யாராவது சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போதே அந்த வீடியோவை அழித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

உனக்கு எழுதக்கூடாது என்று அம்மா சொன்னது உண்மை. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் உண்மை.

ஸ்டெஃபி


மடம்
29 டிசம்பர் 2024

ஸ்டெஃபி,

உன் கடிதம் பதினாறாம் தேதியே என் கையில் கொடுக்கப்பட்டது. நோய் என்றால் இங்கே எந்த விதியும் நிற்காது. சிஸ்டர் ஆபீஸ் போனைத் திறந்து கொடுத்தார். அப்பாவோடு பேசினேன், அம்மாவோடு பேசினேன். உன்னைக் கூப்பிடவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இத்தனை நாள் உனக்கு எழுதாததும் நான்தான். உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

ஆனால் பதினேழாம் தேதி காலை பாத்திரம் கழுவும் இடத்தில் சூர்யகலா அக்காவைப் பார்த்ததும், உங்களுக்கும் கட்டியா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “மாறவே இல்ல சிஸ்டர், பத்து வாரம் ஆச்சு” என்றார். நான் வாசித்துக் காட்டி, நான் சொல்லிக்கொடுத்து, அவர் உள்பாவாடை நாடாவில் நூலை முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே ஜீப்பில் கூட்டிப் போனேன். அவருக்கு வெறும் நீர்க்கட்டி. அது அவர் அதிர்ஷ்டம். நான் ஒன்றும் நல்லது செய்யவில்லை. உன்னைத் திட்ட எனக்கு இருந்த வாயும் அன்றோடு போய்விட்டது.

இன்னொன்று. வருஷம் செல்லாமல் போவது மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான். ஆபரேஷனுக்குப் பத்து நாள் நான் வந்திருக்கலாம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி வருகிறேன்.

வீடியோவை அழித்துவிட்டேன் என்கிறாய். யாருக்கும் தெரியாது என்கிறாய். அதுதான் ஸ்டெஃபி எனக்கு உறைக்கிறது. நீ அழித்தது உன் தப்பை. பார்த்தவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். பெரணமல்லூரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எழுதினாரே, அவரிடம் யார் சொல்வது?

அக்கா
ரோஸி


ஆரணி
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக மலை ஏறினாய் என்று சிஸ்டர் போன் செய்தார். அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்தது. வாய் முழுக்கப் புண், மோர் மட்டும் இறங்குகிறது. முடி கொட்டுகிறது. கீமோ மருந்து பிரிகிற செல்களைத்தான் தேடி அடிக்கிறது, வாயும் முடியும் வேகமாகப் பிரிகிற இடங்கள், அதனால்தான் இப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா கேட்கவில்லை.

நீ இருந்த ஒன்பது நாளும் நாம் இருவரும் நேருக்கு நேர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சமையலறையில் இரண்டு பேரும் ஒரே தேங்காயைத் துருவிக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது நீ என் தலையைத் தொட்டாய். அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெரணமல்லூர் பெண்ணை ஒரு வாரமாகத் தேடுகிறேன். வீடியோவோடு சேர்த்து எல்லாக் கமெண்ட்டும் அழிந்துவிட்டன. அவர் கணக்கின் பெயர் வெறும் எண்கள், படத்தில் ஒரு ரோஜாப்பூ, அவ்வளவுதான் ஞாபகம். ராஜ்குமார் அண்ணன் பெரணமல்லூரில் சேலைக்கடை வைத்திருக்கிறார் இல்லையா, அவரிடம் சொன்னேன். “அங்க போயி யாருக்கு மார்ல கட்டின்னு கேட்டா செருப்பால அடிப்பாங்க பாப்பா” என்றார். சரிதான். கூச்சத்தில்தான் அவர் என் பக்கமே வந்தார்.

அதனால் ஒன்று முடிவு செய்து, நேற்று அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். முதலில் அப்பாவிடம், நூல் யோசனை அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. அப்புறம் அம்மாவிடம், சேனலில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நம் கடிதங்களையும் போடுகிறேன் என்றேன். அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் வழக்கம்போல, உனக்குக் கூச்சமாக இருந்தால் வேண்டாம் அம்மா, நானே ஏதாவது கதை மாதிரி சொல்லிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

“எனக்கு இன்னாடி கூச்சம்? அறுத்துப் போட்டாச்சு” என்றார். அப்புறம், “என் பேரு வேணாம். உன் பேரச் சொல்லு. சொன்னது நீதான?” என்றார்.

திட்டுவதுபோல இல்லை அக்கா. டாக்டரம்மா முன்னால் எனக்குப் பதிலாகத் தூக்கிக்கொண்டதை, இரண்டரை மாதம் கழித்து, என் மடியில் இறக்கி வைத்ததுபோல இருந்தது.

நீ சம்மதம் என்று ஒரு வரி எழுது. முதல் ஞாயிறு வரை காத்திருப்பேன்.

உன் தங்கை
ஸ்டெஃபி


மடம்
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஸ்டெஃபிக்கு,

நலம். அம்மாவுக்கு மோரில் உப்பு போடாதே, புண் எரியும்.

சம்மதம். நான் சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்ததையும், சூர்யகலா அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் எடுக்காமல் போடு. அவரிடம் கேட்டுவிட்டேன்.

அன்புடன்
ரோஸி


ஆரணி
9 பிப்ரவரி 2025

இதைப் படிக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். நீங்கள் நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

என் பெயர் ஸ்டெஃபி. வயது பத்தொன்பது. நூல் டெஸ்ட் வீடியோவைப் போட்டது நான். அது தப்பு. அளந்து வைத்த நூல் மாறாமல் இருப்பதற்கு அர்த்தமே இல்லை. மெதுவாகப் பிரிகிற புற்றுநோய் உண்டு, வலிக்காத புற்றுநோய் உண்டு. அது எதுவென்று உறுதியாகச் சொல்ல, டாக்டர் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் ஊசியும் வைத்துப் பார்க்கவேண்டும். கட்டிகளில் நிறைய சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் அதை நானோ நீங்களோ வீட்டில் முடிவு செய்ய முடியாது.

தப்பு என்று தெரிந்ததும் நான் உங்களிடம் சொல்லவில்லை. அழித்துவிட்டு மூன்று மாதம் ஒளிந்துகொண்டேன். கமெண்ட் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். என்ன திட்டவேண்டுமோ திட்டுங்கள், ஒன்றையும் அழிக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால், அந்த வீடியோவை நீங்கள் யார் யாருக்கு அனுப்பினீர்களோ, சேலைக்கடை குரூப், மாதா சபை குரூப், சுய உதவிக் குழு குரூப், ஒன்று விடாமல் அத்தனை பேருக்கும் இந்தக் கடிதங்களையும் அனுப்புங்கள். போன் இல்லாத பெண்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

பெரணமல்லூர் அக்கா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு இரண்டு கட்டி என்று மட்டும் தெரியும். நான் இதயம் போட்டதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு புள்ளி வைத்து மெசேஜ் அனுப்புங்கள். முதல் பஸ்ஸில் வந்து உங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கிறேன். பேர் கேட்கமாட்டேன்.